புளியங்கொட்டைத் தோல்: வீட்டில் பிரித்தெடுத்து மருந்துச் சரக்காக்கும் முறை

பயறு வகைகளின் விதைத்தோலைத் தனி மருந்துச் சரக்காகக் கொள்ளும் வழக்கம் சீன மரபு மருத்துவத்தில் உண்டு. பாசிப்பயற்றின் தோல் உடல் வெப்பத்தையும் தாகத்தையும் தணிப்பதற்கும், வெள்ளை அவரை விதையின் தோல் செரிமானக் கோளாறுக்கும் கழிச்சலுக்கும், கறுப்பு சோயாவின் தோல் தலைச்சுற்றலுக்கும் இரவு வியர்வைக்கும் அங்கே கொடுக்கப்படுகின்றன. தமிழ்நாட்டுச் சித்த மருத்துவத்தில் இவற்றுக்கு இணையாக வைத்துப் பேசத்தக்கது புளியங்கொட்டைத் தோல். ஏனெனில் புளியமரமும் ஃபேபேசி எனப்படும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததே, அதன் கொட்டையைப் போர்த்தியிருக்கும் பழுப்புத் தோலும் கழிச்சலையும் சீதக்கழிச்சலையும் கட்டும் துவர்ப்பு மருந்தாக நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

அரியலூர் மாவட்டம் ஆண்டிமடம் வட்டாரத்தில் அமைந்த வரதராஜன்பேட்டையைச் சுற்றியுள்ள செம்மண் நிலங்களில் முந்திரித் தோப்புகளே மிகுதி என்றாலும், சாலையோரத்திலும் கொல்லையிலும் வரப்போரத்திலும் புளியமரம் நிற்காத ஊர் அரிது. தை மாதக் கடைசியில் தொடங்கிச் சித்திரை வரையில் புளி உலுக்கி, ஓடு உடைத்து, நார் நீக்கி, கொட்டை தட்டும் வேலை வீடுதோறும் நடக்கும்போது, சதைப்பற்று பானைக்குப் போக, கொட்டை பெரும்பாலும் மூட்டையாகக் கட்டப்பட்டு வியாபாரிக்குப் போகிறது அல்லது குப்பைக்குப் போகிறது. அந்தக் கொட்டையிலிருந்து தோலைத் தூய்மையாகப் பிரித்து, உலர்த்தி, பொடித்து, பாதுகாப்பாக வைத்துக்கொள்ளும் முறையை இவ்வியல் படிப்படியாக விளக்குகிறது.

தோலின் இயல்பு

முதிர்ந்த புளியங்கொட்டை கடினமான, பளபளப்பான, கரும்பழுப்பு நிறமுடைய தோலையும், அதனுள் வெளிர்மஞ்சள் நிறமான கெட்டிப் பருப்பையும் கொண்டது. தாயம் ஆடுவதற்காகக் கொட்டையின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான தரையில் தேய்த்து வெள்ளையாக்குபவர்கள் தேய்த்து நீக்குவது இந்தத் தோலைத்தான். கொட்டையின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தோல், எஞ்சியது பருப்பு. வீட்டில் பிரிக்கும்போது பொடியாகவும் துகளாகவும் கொஞ்சம் வீணாகும் என்பதால், ஒரு கிலோ கொட்டைக்கு 200 கிராம் அளவு சுத்தமான தோல் கிடைத்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

தோலின் மருத்துவக் குணத்துக்குக் காரணம் அதில் மிகுந்துள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள். இது புரதத்தோடு சேர்ந்து அதை இறுகச் செய்யும் தன்மை உடையதாதலால், வாயில் பட்டால் நாவும் ஈறும் இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்வு தோன்றுகிறது. குடலில் பட்டால் நீர்க்கசிவு குறைந்து மலம் இறுகுகிறது. மலத்தைக் கட்டும் அதே குணம் அளவு மீறினால் மலச்சிக்கலாகவும் வயிற்று உபாதையாகவும் மாறும், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதையும் தடுக்கும். இந்த இரண்டு பக்கங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் எச்சரிக்கைகளின் காரணம் தானாக விளங்கும்.

தேவையான பொருள்கள்

1. அந்தப் பருவத்துப் புதிய புளியங்கொட்டை, 2 கிலோ. முதல்முறை செய்பவர் இதற்கு மேல் எடுக்க வேண்டியதில்லை.
2. அகன்ற இரும்புச் சட்டி, நீண்ட கைப்பிடியுள்ள கரண்டி.
3. கழுவி, சலித்து, காயவைத்த ஆற்றுமணல், 4 கிலோ. மணலில்லாமல் வறுப்பதானால் தேவையில்லை.
4. உரலும் உலக்கையும், அல்லது அம்மியும் குழவியும்.
5. முறம், சல்லடை, பாய்.
6. நன்றாகத் துவைத்துக் காய்ந்த மெல்லிய பருத்தித் துணி.
7. மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம், கண்ணைக் காக்கும் கண்ணாடி.
8. ஈரமில்லாத கண்ணாடிப் புட்டிகள், பெயர்ச்சீட்டு.

எச்சரிக்கை: முந்திரிக்கொட்டை வறுத்த சட்டியையோ, தகர டிரம்மையோ, அந்த மணலையோ இந்த வேலைக்கு எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. முந்திரி ஓட்டில் ஊறியிருக்கும் கரும்பழுப்பு எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் எழுப்பும் இயல்புடையது. அது பாத்திரத்தின் உட்பக்கத்தில் படிந்திருந்தால் மருந்துச் சரக்கோடு சேர்ந்து வாய்க்கும் வயிற்றுக்கும் போய்விடும். அவ்வாறே முந்திரி ஓட்டை அடுப்பில் விறகாக எரிப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். அதன் புகை கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிச்சலூட்டும், கொட்டையிலும் படியும். முந்திரி விளையும் ஊர்களில் பாத்திரமும் எரிபொருளும் பொதுவாகப் புழங்குவதால், இந்த ஒரு செய்தியை முதலிலேயே உறுதிசெய்துகொள்வது நல்லது.

கொட்டையைத் தேர்ந்தெடுத்தல்

மருந்துக்கு ஆகும் கொட்டை பருத்து, கனத்து, பளபளப்புக் குறையாமல் இருக்கும். முதிராத புளியிலிருந்து எடுத்த கொட்டை வெளிறியும் சுருங்கியும் காணப்படும், அதன் தோல் பருப்போடு ஒட்டிக்கொண்டு கழலாது. ஊசி குத்தியது போன்ற அல்லது அதைவிடப் பெரிய வட்டத் துளை உள்ள கொட்டைக்குள் வண்டு குடைந்திருக்கும் என்பதால் அதை ஒதுக்கிவிட வேண்டும். துளை சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே பருப்பு மாவாகி, வண்டின் கழிவு தோலின் உட்புறத்தில் ஒட்டியிருப்பதுண்டு.

பழைய ஆண்டின் கொட்டை மூட்டையில் கிடந்து பூசணம் பிடித்திருந்தால், கழுவியோ வறுத்தோ அதைச் சரிசெய்ய முடியாது. பூசணத்தின் நஞ்சு வறுக்கும் சூட்டில் முழுமையாக அழிவதில்லை. விதைப்புக்காகப் பூச்சிமருந்து கலந்து வைத்த கொட்டையையும் அறவே தொடக் கூடாது.

குறிப்பு: வாளி நீரில் கொட்டையைப் போட்டுக் கிளறினால் குடைபட்டவையும் சொத்தையானவையும் பெரும்பாலும் மிதக்கும். மிதப்பவற்றை அள்ளிப் போட்டுவிட்டு, அடியில் தங்கியவற்றை மறுபடியும் கண்ணால் பார்த்துப் பொறுக்க வேண்டும். நீர்ச்சோதனை ஒன்றை மட்டும் நம்பிவிடக் கூடாது.

செய்முறை

1. கழுவுதல். கொட்டையில் ஒட்டியிருக்கும் புளிச்சதை வறுக்கும்போது கருகி, தோலின் மேல் பிசினாகப் படியும். ஆகவே தேங்காய்நாரால் தேய்த்து, நீர் தெளியும் வரை இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். சாலையோர மரத்துக் கொட்டையானால் வாகனப் புகையும் புழுதியும் ஒட்டியிருக்கும் என்பதால் இன்னும் ஒருமுறை கழுவலாம். கழுவும் வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிட வேண்டும். நீரில் ஊறவிட்டால் தோலின் துவர்ப்புச் சாரம் நீரில் இறங்கிவிடும்.

2. வெயிலில் உலர்த்துதல். கழுவிய கொட்டையைப் பாயிலோ சுத்தமான துணியிலோ ஒற்றை அடுக்காகப் பரப்பி, இரண்டு அல்லது மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட வேண்டும். தார்ச்சாலையில் காயப்போடும் வழக்கம் மருந்துச் சரக்குக்குப் பொருந்தாது. தார், டயர்த் துகள், புழுதி, கால்நடைக் கழிவு ஆகியவை கொட்டையோடு சேரும். மாலையில் பனி இறங்கும் முன் வாரி எடுத்து மூடி வைக்க வேண்டும்.

3. மணலைச் சூடேற்றுதல். சட்டியில் மணலை இட்டு மிதமான தீயில் சூடாக்கிக் கிளற வேண்டும். மணல் கொட்டையின் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே சீராகச் சூட்டைக் கொண்டுபோவதால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்பது தவிர்க்கப்படுகிறது. ஆலைகளில் இவ்வேலை 150 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் 10 முதல் 15 நிமிடம் வரை நடைபெறுகிறது. வீட்டில் வெப்பமானி இல்லாதபோது, இரண்டு மூன்று கொட்டையைச் சோதனைக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். போட்டவுடன் புகைந்து கருகினால் தீ அதிகம், ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் எந்த மாற்றமும் இல்லையென்றால் தீ குறைவு.

4. வறுத்தல். ஒரு பங்கு கொட்டைக்கு இரண்டு பங்கு மணல் என்ற அளவில், ஒரு வேளைக்கு அரைக் கிலோவுக்கு மிகாமல் கொட்டையை இட்டு இடைவிடாமல் கிளற வேண்டும். சிறிது நேரத்தில் படபடவென்று மெல்லிய வெடிப்பொலி கேட்கும், தோலின் பளபளப்பு மங்கி, மேற்பரப்பில் மயிரிழை போன்ற கீறல்கள் ஓடும். இந்தக் கட்டத்தில் சில கொட்டைகள் சட்டியிலிருந்து தெறிக்கக்கூடும் என்பதால் கண்ணாடி அணிந்திருப்பதும், குழந்தைகளை அடுப்பருகே விடாதிருப்பதும் கட்டாயம்.

5. பதம் பார்த்தல். ஒரு கொட்டையை எடுத்து ஆறவிட்டு, அம்மியில் வைத்துக் குழவியால் இலேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். தோல் செதில்களாக விண்டு விழுந்து, உள்ளிருக்கும் பருப்பு வெளிர்மஞ்சளாகவே இருந்தால் பதம் சரி. தோல் பிடித்துக்கொண்டு நின்றால் இன்னும் சிறிது நேரம் வறுக்கலாம். பருப்பு பழுப்பேறியிருந்தாலோ தீய்ந்த வாடை வந்தாலோ அந்த ஈடு மருந்துக்கு ஆகாது, சாயத்துக்கு ஒதுக்கிவிடலாம்.

6. மணலைப் பிரித்து ஆறவிடுதல். பதம் வந்தவுடன் சட்டியை இறக்கி, சூட்டோடு சல்லடையில் கொட்டி மணலைப் பிரித்துவிட வேண்டும். மணலிலேயே விட்டால் அதன் சூட்டில் கொட்டை மேலும் வெந்து கருகும். பிரித்த கொட்டையை முறத்தில் பரப்பி முழுமையாக ஆறவிட்டால் தோல் மொறுமொறுப்பாகி எளிதில் உடையும்.

7. குத்துதல். உரலில் இரண்டு கைப்பிடி அளவு இட்டு, உலக்கையின் எடையாலேயே விழும்படி மெல்லக் குத்த வேண்டும். தோலை உடைப்பதுதான் இங்கே நோக்கம். பருப்பு நொறுங்கினால் அதன் மாவு தோலோடு கலந்து, பிறகு பிரிப்பது அரிதாகிவிடும். மின்அரைப்பானில் முழுக்கொட்டையைப் போடுவது இரண்டு வகையில் தவறு: பருப்பின் கடினத்தால் கத்தி முறியக்கூடும், தோலும் பருப்பும் ஒன்றாக மாவாகிவிடும்.

8. புடைத்தல். குத்தியதை முறத்தில் இட்டுப் புடைத்தால் இலேசான தோல் முன்னுக்கு வந்து விழும், கனத்த பருப்பு பின்னே தங்கும். காற்றோட்டமான திறந்தவெளியில், காற்று முதுகுப் பக்கமாக வரும்படி நின்று புடைக்க வேண்டும். தோல் கழலாத கொட்டைகளைத் தனியே எடுத்து மறுபடியும் குத்திப் புடைக்கலாம்.

9. பொறுக்குதல். புடைத்த தோலை வெள்ளைத் துணியில் மெல்லப் பரப்பி, கலந்திருக்கும் பருப்புத் துண்டு, கல், மணல் ஆகியவற்றைக் கையால் பொறுக்கி, பின்னர் நுண்ணிய சல்லடையில் சலித்து மணலையும் தூசியையும் கழித்துவிட வேண்டும்.

10. நிழலில் உலர்த்துதல். பொறுக்கிய தோலை ஒரு நாள் நிழலில் காற்றாட வைத்தால் சரக்கு தயார். விரலால் நெரித்தால் நொறுங்க வேண்டும். வளைந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது என்று பொருள்.

குறிப்பு: வாய் கொப்பளிக்கவோ பல் தேய்க்கவோ தோலைப் பயன்படுத்த எண்ணுபவர், 3, 4, 6 ஆகிய படிகளில் மணலைத் தவிர்த்து, வெறும் இரும்புச் சட்டியில் சிறு சிறு ஈடாக, குறைந்த தீயில் வறுப்பது நல்லது. எவ்வளவு சலித்தாலும் நுண்மணல் சிறிதளவு தங்கிவிடும், அது பல்லின் எனாமலைத் தேய்த்துவிடும்.

ஊறவைத்துத் தோல் நீக்குவது ஏன் பொருந்தாது

சீனாவில் பாசிப்பயற்றை நீரில் ஊறவைத்துக் கையால் தேய்த்துத் தோலைக் கழற்றுவார்கள். முளைகட்டிய பயறு விற்பனைக்குத் தயாராகும்போது கழன்று மிதக்கும் தோலைச் சேகரித்து உலர்த்துவதும் உண்டு. பயற்றின் தோல் மெல்லியது, விரைவில் நீர் ஏறிக் கழன்றுவிடும் என்பதால் அங்கே அம்முறை சரியாக அமைகிறது. புளியங்கொட்டையின் தோலோ எளிதில் நீரை உள்ளே விடாது. அது இளகும் வரை நாட்கணக்கில் ஊறவைத்தால் நீர் செம்பழுப்பாக மாறி, மருந்தாக வேண்டிய துவர்ப்பின் பெரும்பகுதி அந்த நீரோடு போய்விடும், கோடை வெப்பத்தில் நீர் புளித்துத் துர்நாற்றமும் வீசும்.

பொடித்தலும் சேமித்தலும்

1. காய்ந்த தோலை உலர்ந்த மிக்சி ஜாரில், விட்டுவிட்டு ஓட்டிப் பொடிக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறிப் பொடியின் மணம் கெடும்.
2. மூடியைத் திறக்கும் முன் இரண்டு நிமிடம் பொறுத்துப் பொடி அடங்க விட வேண்டும்.
3. பொடியை மெல்லிய துணியின் மேல் இட்டுச் சலிக்க வேண்டும். இவ்வாறு துணியில் சலித்து நுண்பொடி எடுப்பதைச் சித்த மருத்துவம் வஸ்திரகாயம் என்றும், அப்படிக் கிடைத்த பொடியைச் சூரணம் என்றும் குறிப்பிடுகிறது.
4. துணியில் தங்கிய கப்பியை மறுபடி அரைக்கலாம் அல்லது குடிநீர் எனப்படும் கஷாயம் காய்ச்சுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.
5. புட்டியில் அடைத்து, சரக்கின் பெயர், வறுத்த நாள், பொடித்த நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டி, வெளிச்சமும் ஈரமும் படாத இடத்தில் குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி வைக்க வேண்டும்.

சூரணத்தின் வீரியம் மூன்று மாதம் என்பது சித்த மருந்தியல் மரபு. ஆகவே ஆண்டு முழுவதற்கும் ஒரேயடியாகப் பொடித்து வைக்காமல், தோலாகவே சேமித்துத் தேவைப்படும்போது சிறிது சிறிதாகப் பொடிப்பது உகந்தது. கட்டி தட்டிய பொடியையும், நிறம் மாறிய பொடியையும், பூசண வாடை வீசும் பொடியையும் எறிந்துவிட வேண்டும்.

எச்சரிக்கை: பொடிக்கும்போதும் சலிக்கும்போதும் முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது. நூலுக்குக் கஞ்சியிடப் புளியங்கொட்டைப் பொடியைப் பயன்படுத்திய பிரிட்டன் நெசவாலை ஒன்றில் தொழிலாளரிடையே இருமல் நோய் பரவியது 1957-இல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. ஆஸ்துமா உள்ளவர்கள் பொடிக்கும் வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவதே தக்கது.

வாய் கொப்பளிக்கும் குடிநீர்

வீட்டில் தாமாகச் செய்துகொள்ளத்தக்க பயன்பாடு இதுவே; விழுங்காமல் துப்பிவிடுவதால் ஆபத்து குறைவு. ஈறு தளர்ந்து சிறிது கசியும்போதும், காரத்தால் வாய் புண்பட்டிருக்கும்போதும் துவர்ப்பு நீர் இதம் தரும்.

1. ஒரு தேக்கரண்டி அளவு தோல் கப்பியை 200 மில்லிலிட்டர் நீரில் இட வேண்டும்.
2. மண்பாண்டத்திலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ சிறுதீயில் பாதியாகச் சுண்டும் வரை காய்ச்ச வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. டானின் இரும்போடு சேர்ந்து நீரை மையைப் போலக் கறுப்பாக்கிவிடும். வறுக்கும்போது நீர் இல்லாததால் இரும்புச் சட்டி தீங்கு செய்வதில்லை.
3. மடித்த துணியில் வடிகட்டி, இளஞ்சூட்டுக்கு ஆறவிட வேண்டும்.
4. காலையும் இரவும் ஒரு வாய் கொண்டு அரை நிமிடம் கொப்பளித்துத் துப்பி, பின் வெறும் நீரால் வாயைக் கழுவ வேண்டும்.
5. மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்காமல் கொட்டிவிட வேண்டும்.

மூன்று நான்கு நாளுக்குள் குணம் தெரியாவிட்டாலும், ஈறு வீங்கிச் சீழ் வைத்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் இருந்தாலும் பல் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. வெற்றிலை, புகையிலை போடும் பழக்கமுள்ளவர்களுக்கு ஆறாத புண் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். நாள்தோறும் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். தோலைக் கருக்கிப் பல்பொடியாக்கும் வழக்கம் சில வீடுகளில் இருந்தாலும், சொரசொரப்பான கரி பல்லைத் தேய்க்கும் என்பதால் அதை அன்றாடப் பழக்கமாக்குவது நல்லதன்று.

உள்மருந்தாகக் கொள்ளும்போது

கழிச்சலுக்கும் வெள்ளைப்படுதலுக்கும் புளியங்கொட்டைத் தோல் சேர்ந்த மருந்தைச் சித்த மருத்துவர் கொடுப்பதுண்டு. அதன் அளவும், மோர், தேன் போன்ற அனுபானமும், அதாவது மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் துணைப்பொருளும், நோயாளியின் வயதையும் உடல்நிலையையும் பொறுத்து மாறுபடும். ஆகவே உட்கொள்ளும் அளவை நூலைப் பார்த்து முடிவு செய்யாமல், அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இயங்கும் சித்த மருத்துவப் பிரிவுகளில் கேட்டறிய வேண்டும். வீட்டில் செய்த சரக்கையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டலாம்.

கழிச்சல் கண்டவருக்கு முதலில் ஈடுசெய்ய வேண்டியது உடலிலிருந்து வெளியேறிய நீரும் உப்பும். வரிசை பின்வருமாறு அமைய வேண்டும்:

1. மருந்துக்கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, சிறுகச் சிறுகக் குடிக்கக் கொடுக்க வேண்டும்.
2. பொட்டலம் கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பின் அளவு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்பதால் கண்மதிப்பாகப் போடக் கூடாது.
3. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலையும், பெரியவர்களுக்குக் கஞ்சி, மோர் போன்ற எளிய உணவையும் நிறுத்தாமல் கொடுத்து வர வேண்டும்.
4. குழந்தைக்கு மருத்துவர் ஆலோசனையுடன் துத்தநாக மாத்திரையைக் குறித்த நாட்கள் முழுவதும் கொடுக்க வேண்டும்.
5. இவையெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது, மருத்துவர் சொன்னால் மட்டுமே துவர்ப்பு மருந்து சேர வேண்டும்.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் துவர்ப்பு மருந்தைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்: மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், அரிசி கழுவிய நீர் போன்ற பெருங்கழிச்சல், நிற்காத வாந்தி, குழிவிழுந்த கண், சிறுநீர் குறைதல், மயக்கம். நோய்க்கிருமியையும் நஞ்சையும் வெளியேற்ற உடல் முயலும்போது மலத்தைக் கட்டிவிட்டால் நோய் முற்றக்கூடும். அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும், மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

வெள்ளைப்படுதல் நாற்றம், அரிப்பு, அடிவயிற்று வலி, இரத்தக் கலப்பு ஆகியவற்றோடு இருந்தால் அதற்குக் கிருமித்தொற்றோ வேறு நோயோ காரணமாக இருக்கலாம். பரிசோதனை இன்றிச் சூரணம் உண்பதும், இந்த நீரால் உட்புறத்தைக் கழுவுவதும் கூடாது.

தவிர்க்க வேண்டியவர்கள்

1. குழந்தைகள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள்.
2. மலச்சிக்கல், மூலம், குடலடைப்பு உள்ளவர்கள்.
3. இரத்தசோகை உள்ளவர்களும் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்பவர்களும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்களாதலால், இந்த எச்சரிக்கை பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும்.
4. நீரிழிவு, இதயநோய் முதலியவற்றுக்கு நாள்தோறும் மருந்து உண்பவர்கள். டானின் சில மருந்துகளோடு சேர்ந்து அவை உடலில் ஏறுவதைக் குறைக்கக்கூடும்.
5. பயறு, நிலக்கடலை போன்றவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள்.

அடிக்கடி நேரும் தவறுகள்

1. வறுக்காமல் குத்துவது. பச்சைக் கொட்டை உலக்கைக்குக் கீழே வழுக்கித் தெறிக்குமே தவிரத் தோல் கழலாது.
2. தீயை அதிகமாக்கி அவசரப்படுவது. மேல்தோல் கருகினாலும் உட்பக்கம் பருப்பைவிட்டு விலகியிருக்காது.
3. ஆறும் முன் குத்துவது. சூட்டோடு இருக்கும் தோல் துவண்டு, செதிலாக உடையாமல் பருப்போடு ஒட்டிக்கொள்ளும்.
4. பருப்பு கலந்த பொடியைத் தோல்பொடி என்று எண்ணுவது. சிறிது பொடியை வெந்நீரில் கலக்கினால் கொழகொழப்பு ஏறுமானால் பருப்பு மாவு கலந்திருக்கிறது. தோல் மட்டும் இருந்தால் நீர் செம்பழுப்பாகுமே அன்றிக் கெட்டிப்படாது.
5. பெயர் எழுதாமல் புட்டியில் வைப்பது. காப்பிப் பொடியைப் போன்ற நிறமுடையதாதலால் அடுக்களையில் தவறுதலாகக் கலந்துவிடும்.

எஞ்சும் பருப்பும் பழுதான தோலும்

பருப்பை நன்கு உலர்த்தி மாவாக்கி நீரில் காய்ச்சினால் வலுவான பசை கிடைக்கும். துணி ஆலைகளில் பாவு நூலுக்குக் கஞ்சியிடவும், ஆந்திரத்துக் கொண்டப்பள்ளி மரப்பொம்மைகளின் பகுதிகளை ஒட்டவும் புளியங்கொட்டை மாவு பயன்படுகிறது. வண்டு விழாத பருப்பை வியாபாரியிடம் விற்றுவிடவும் செய்யலாம்.

கருகிய தோலும் மணல் கலந்த தோலும் பருத்தித் துணிக்குச் சாயமாகும்.

1. துணியின் எடைக்குச் சமமான தோலை ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும்.
2. கஞ்சி போகத் துவைத்த துணியை அந்தச் சாற்றில் ஒரு மணி நேரம் இளங்கொதியில் வைத்து, ஆறும் வரை அதிலேயே விட வேண்டும்.
3. துணியின் எடையில் பத்தில் ஒரு பங்கு படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, அதில் துணியை நனைத்து ஊறவிட்டால் பழுப்பு நிறம் நன்றாகப் பிடிக்கும்.
4. துணியை அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

துருப்பிடித்த ஆணி ஊறிய நீரைச் சிறிது சேர்த்தால் நிறம் சாம்பலாகவும் கறுப்பாகவும் மாறும். சாயத்துக்குப் பயன்படுத்திய பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பக் கூடாது.

விற்க விரும்புவோர் அறிய வேண்டியது

கொட்டையையோ உலர்ந்த தோலையோ மூலச்சரக்காக மொத்த வியாபாரிக்குக் கொடுப்பது வேறு. பொடியாக்கி, இன்ன நோய்க்கு என்று சீட்டு ஒட்டி விற்பது வேறு. பின்னது 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்கீழ் மருந்து உற்பத்தியாகக் கருதப்படுவதால், மாநில உரிமம் பெற்று, சித்த மருந்துகளுக்கு விதிக்கப்பட்ட உற்பத்தி நெறிகளின்படி தனி இடமும் தகுதியுள்ள பணியாளரும் கொண்டு செய்ய வேண்டும். உரிமம் இல்லாமல் அண்டை வீட்டாருக்கு விலைக்குக் கொடுப்பதும் சட்டத்துக்கு உட்பட்டதாகாது.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

1. கொட்டை இந்தப் பருவத்ததா, துளையும் பூசணமும் இல்லாததா?
2. சட்டியும் மணலும் விறகும் முந்திரி வேலையில் புழங்காதவையா?
3. முகக்கவசமும் கண்ணாடியும் கையில் உள்ளனவா?
4. புட்டியும், பெயரும் தேதியும் எழுதி ஒட்டப் பெயர்ச்சீட்டும் தயாராக உள்ளனவா?
5. வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கிறதா?

ஐந்தாவது கேள்விக்கு இல்லை என்பது விடையானால், அடுப்பை மூட்டும் முன் அதை வாங்கி வைப்பதே முதல் வேலை. கழிச்சலில் உயிரைக் காப்பது அந்தப் பொட்டலந்தான், தோல் அதற்குத் துணை மட்டுமே.